நிணநாளக் குறிப்பான்கள்: பெயர் வரலாறும் தமிழாக்கமும்

பெங்களூர் நகரின் கிழக்குப் பகுதியில் அமைந்துள்ள வைட்ஃபீல்ட் என்னும் ஊரின் பெயரை 'வெண்புலம்' என்றோ 'வெள்ளை வயல்' என்றோ தமிழில் பெயர்ப்பார் எவருமிலர். மைசூர் மன்னர் பத்தாம் சாமராஜ உடையார் வழங்கிய நிலத்தில் 1882ஆம் ஆண்டு ஆங்கிலோ இந்தியருக்கென உருவான குடியிருப்பு அது. அதற்கு முன்னின்று முயன்ற டேவிட் எம்மானுவேல் ஸ்டார்க்கன்பர்க் வைட் என்பாரின் பெயரே ஊர்ப்பெயரின் முற்பகுதியாயிற்று. நிறம் பற்றி எழுந்த பெயராகத் தோன்றும் அது ஓர் ஆள்பெயர் பற்றி எழுந்ததாகும். பெயரின் தோற்றம் ஒரு காரணத்தைக் காட்ட, உண்மைக் காரணம் வேறாக இருக்கிறது. கன்னடரும் தமிழரும் அப்பெயரை ஒலிபெயர்த்து வழங்கி வருவது, அறிந்தோ அறியாமலோ செய்யப்பட்ட சரியான மொழிபெயர்ப்பு முடிவு எனலாம்.

அவ்வூர் இன்று மென்பொருள் நிறுவனங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் பெயர்பெற்றது. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளிலிருந்து பெங்களூர் மருத்துவமனைகளை நாடிச் செல்லும் தமிழர் பலர். அவர்கள் கையில் தரப்படும் திசுப் பரிசோதனை அறிக்கைகளில் 'டி2-40', 'சி.டி.31', 'போடோபிளானின்' என்பன போன்ற குறியீடுகள் இடம்பெறுவதுண்டு. இவை நிணநீர் நாளங்களையும் இரத்த நாளங்களையும் இனங்காண உதவும் எதிர்ப்பொருள்களின் பெயர்கள், அல்லது அவ்வெதிர்ப்பொருள்கள் பற்றிக்கொள்ளும் புரதங்களின் பெயர்கள் ஆகும். இப்பெயர்கள் எவ்வாறு தோன்றின, அவற்றுள் எவற்றைத் தமிழாக்க வேண்டும், எவற்றை அவ்வாறே விட வேண்டும் என்பன இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன. ஒரு நோயாளி தம் நோய் எந்த அளவிற்குப் பரவியுள்ளது என்பதை விளங்கிக்கொள்வது இதனைச் சார்ந்திருப்பதால், இது கலைச்சொல்லாக்க விருப்பு வெறுப்போடு முடிந்துவிடும் சிக்கலன்று.

நிணமும் நீரும் பாலும்

நிணநீர் நாளங்களின் வரலாறு ஒரு நிறத்தில் தொடங்குகிறது. 1622ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் இத்தாலிய மருத்துவர் காஸ்பரே அசெல்லி, சற்றுமுன் உணவு உண்டிருந்த நாய் ஒன்றின் வயிற்றைத் திறந்து நோக்கினார். குடலைத் தாங்கும் சவ்வில் வெண்ணிற இழைகள் பரவிக் கிடந்தன. முதலில் நரம்புகள் என்று கருதி அவற்றுள் ஒன்றை வெட்டினார். பால் போன்ற நீர்மம் வெளிப்பட்டது. எனவே அவற்றைப் 'பால் நாளங்கள்' என்ற பொருள்படும் இலத்தீன் தொடரால் குறித்தார். அவர் மறைந்த பின்னர் 1627இல் அவரது நூல் வெளிவந்தது. 1651இல் ஜான் பெக்கே மார்புப் பகுதியில் மேலேறும் பெருநாளத்தை விளக்கினார். 1653இல் சுவீடனைச் சேர்ந்த ஓலாஃப் ருட்பெக்கும் டென்மார்க்கைச் சேர்ந்த தாமஸ் பார்த்தோலினும் உடலின் பிற பகுதிகளிலும் இத்தகைய நாளங்கள் உள்ளமையைத் தனித்தனியே வெளியிட்டனர். முதலில் கண்டவர் யார் என்ற பூசல் எழுந்தது. பெயரிடுவதில் வென்றவர் பார்த்தோலின். அவர் இட்ட பெயரிலுள்ள 'லிம்ஃபா' என்னும் இலத்தீன் சொல் தெளிந்த நீர் என்னும் பொருளது. கிரேக்க நீர்த்தேவதையின் பெயரோடு ஒலியால் இயைபுபடுத்தப்பட்டு அதன் எழுத்து வடிவமும் மாறிற்று என்பர். ஆக, அசெல்லி கண்டது பால். பார்த்தோலின் கண்டது தெளிநீர். ஒரே மண்டலத்தின் இரு பகுதிகளுக்கு ஏற்ற இரு பெயர்களுள் ஒன்று முழு மண்டலத்திற்கும் உரியதாயிற்று.

தமிழில் நிலைபெற்ற 'நிணநீர்' இவ்விரண்டின் மொழிபெயர்ப்பும் அன்று. நிணம் என்பது சங்க இலக்கியக் காலந்தொட்டுக் கொழுப்பையும் ஊனையும் குறித்து வரும் சொல். எனவே 'நிணநீர்' என்பதன் நேர்ப்பொருள் கொழுப்பு நீர் அல்லது ஊனில் ஊறும் நீர் என்பதாகும். இலத்தீன் பெயர் நீர்மத்தின் தெளிவைச் சுட்ட, தமிழ்ப் பெயர் அது ஊறும் இடத்தையோ அதன் கொழுப்பையோ சுட்டுகிறது. சொற்பிறப்பு நோக்கில் இது பிழை என்று கூறத் துணிவோர் ஒன்றை எண்ணிப்பார்க்க வேண்டும். உணவுக் கொழுப்பின் பெரும்பகுதி குடலிலிருந்து நிணநாளங்கள் வழியாகவே குருதியைச் சென்றடைகிறது. அசெல்லியின் நாய் உண்டிருந்தமையால்தான் அந்நாளங்கள் வெண்மையாகத் தோன்றின. வெண்மைக்குக் காரணம் கொழுப்பே. தமிழ்ச் சொல்லாக்கம் குறிவைக்காமலேயே ஓர் உண்மையைத் தொட்டுவிட்டது. ஆயினும் இன்று நிணநீர் என்று கேட்பவர் எவரும் கொழுப்பை நினைப்பதில்லை. காரணம் மறைந்து இடுகுறியின் தன்மை ஏறிவிட்டது. கலைச்சொல் ஒன்று வெற்றி பெறுவதன் அடையாளமும் அதுவே.

இதே ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் மக்கள் வேறொரு பெயரும் வைத்திருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரியம்மைத் தடுப்புக்காகக் கொப்புளத்திலிருந்து எடுக்கப்பட்ட நீர்மத்தை ஆங்கிலேயர் 'லிம்ஃப்' என்றே அழைத்தனர். சென்னை மாகாணத்திற்கு வேண்டிய அம்மைத் தடுப்பு நீர்மத்தைக் கன்றின் தோலில் வளர்த்தெடுப்பதற்காகவே 1899இல் கிண்டியில் கிங் நிலையம் நிறுவப்பட்டது. மக்கள் அதனை 'அம்மைப்பால்' என்றனர். தடுப்பூசி இடுவது 'அம்மைப்பால் குத்துதல்' ஆயிற்று. நிணநாளங்களில் ஓடுவதும் இதுவும் வெவ்வேறு நீர்மங்கள். ஆங்கிலம் இரண்டையும் ஒரு சொல்லில் அடைத்தது. தமிழ் இரண்டாகப் பிரித்தது. பழைய மருத்துவ ஆவணங்களை மொழிபெயர்ப்போர் இவ்விடத்தில் தடுமாறுவது இயல்பு. 1890களின் சுகாதார அறிக்கை ஒன்றில் அச்சொல் வருமாயின் அதனை 'நிணநீர்' எனப் பெயர்ப்பது பெரும்பாலும் பிழையாகவே முடியும்.

எதிர்ப்பொருளும் பிறபொருளெதிரியும்

தமிழில் மேலை மருத்துவச் சொற்களை ஆக்கும் முயற்சி யாழ்ப்பாணத்தில் வேரூன்றியது. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்ததோடு பாடநூல்களைத் தமிழாக்கும் பணியையும் மேற்கொண்டார். கற்றரின் நூல் 1857இல் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்ற பெயரிலும், கிரேயின் உடற்கூற்றியல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரிலும் வெளிவந்தன. இத்தலைப்புகளே அவர்காலச் சொல்லாக்க நெறியைப் புலப்படுத்தும். வடமொழிக் கூறுகளைக் கொண்டு காரணம் விளங்கும் பெயர்களை ஆக்குவது அந்நெறி. பின்னர் 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் தொடங்கிய தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கமும், 1938இல் கலைச்சொல் தொகுதி வெளியிட்ட சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கமும் அடுத்தடுத்த படிகள். கூறுகள் வடமொழியிலிருந்து தமிழுக்கு மாறின. காரணப்பெயராகவே ஆக்கவேண்டும் என்னும் நம்பிக்கை மட்டும் மாறவில்லை.

இந்நம்பிக்கையின் வலிமையையும் எல்லையையும் 'ஆன்டிபாடி' என்பதற்கு ஏற்பட்ட தமிழ்ச் சொற்களில் காணலாம். 1890இல் பேரிங்கும் கிட்டசாட்டோவும் பெர்லினில், ரணஜன்னி நஞ்சு செலுத்தப்பட்ட விலங்கின் குருதி நீர் பிற விலங்குகளை அந்நஞ்சிலிருந்து காப்பதை மெய்ப்பித்தனர். குருதி நீரிலுள்ள அக்காப்புப் பொருளுக்கு 1891இல் பவுல் ஏர்லிக் இட்ட ஜெர்மானியப் பெயரின் நேர்ப்பொருள் 'எதிர் உடல்' என்பது. இங்கு உடல் என்பது மனித உடலன்று. துகள், பொருள் என்னும் பொருளிலேயே அச்சொல் ஆளப்பட்டது. ஆங்கிலம் அதனை அப்படியே சொல்லுக்குச் சொல் பெயர்த்துக்கொண்டது. தமிழாக்கியோர் இவ்விடத்தில் ஆங்கிலத்தை விடத் தெளிவாக நடந்துகொண்டனர் எனலாம். 'எதிருடல்' என்று ஆக்காமல், தமிழகத்தார் 'எதிர்ப்பொருள்' என்றும் இலங்கையார் 'பிறபொருளெதிரி' என்றும் ஆக்கினர்.

இரு சொற்களும் ஒன்றல்ல. 'எதிர்ப்பொருள்' எதனை எதிர்க்கிறது என்று கூறுவதில்லை. மொழியியலார்க்கு அது எதிர்ச்சொல் தரும் பொருளையும் நினைவூட்டும். 'பிறபொருளெதிரி' தன் வினையைத் தானே விளக்குகிறது: உடலுக்குப் பிறவாகிய பொருளை எதிர்ப்பது. வகுப்பறையில் முதன்முதலாகக் கேட்கும் மாணவனுக்கு இலங்கைச் சொல்லே உதவும். ஆனால் ஆய்வுக்கூடத்தில் அச்சொல்லின் விளக்கமே தடையாகிவிடுகிறது. போடோபிளானினைப் பற்றும் எதிர்ப்பொருள் உருவானது சுண்டெலியின் உடலில். அங்கு மனிதப் புரதம் பிறபொருள்தான். ஆனால் சோதிக்கப்படும் மனிதத் திசுவில் அப்புரதம் பிறபொருளன்று. அத்திசுவிற்கே உரிய இயல்பான புரதம். காப்பு, எதிர்ப்பு, பகை ஆகிய எதுவும் அங்கு நிகழ்வதில்லை. பற்றிக்கொள்ளுதல் மட்டுமே நிகழ்கிறது. காரணம் நிறைந்த பெயர் புதிய சூழலில் பொய்யாகிறது; காரணம் குறைந்த பெயர் தாக்குப்பிடிக்கிறது. 'எதிர்ப்பொருள்' இக்கட்டுரையில் ஆளப்படுவதற்கு இதுவே காரணம்.

உருபின்மையால் அறியப்பட்ட நாளம்

இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை, நுண்ணோக்கியின் கீழ் மெல்லிய திசுச் சீவலில் நிணநாள நுண்குழலையும் இரத்த நுண்குழலையும் வேறுபடுத்துவது எளிதாக இல்லை. இரண்டின் உட்சுவரும் ஒற்றை உயிரணுப் படலமே. உள்ளே சிவப்பணுக்கள் இல்லை, சுற்றிலும் முழுமையான அடிச்சவ்வு இல்லை, சுவர் மெலிந்து ஒழுங்கற்றிருக்கிறது என்று இல்லாதவற்றைக் கொண்டே நிணநாளம் இனங்காணப்பட்டது. எழுவாய் வேற்றுமை தனக்கென உருபின்றி, பிற உருபுகள் இன்மையால் அறியப்படுவதை இது ஒக்கும். ஆனால் இலக்கணத்தில் உருபின்மை உறுதியானது; திசுவில் அது உறுதியன்று. சிவப்பணு இல்லாத குழல், அறுக்கும்போது வெறுமையான இரத்தக் குழலாகவும் இருக்கலாம். மேலும் திசுவைப் பதப்படுத்தும்போது புற்றணுக் கூட்டம் சுருங்கி, அதனைச் சுற்றி ஓர் இடைவெளி தோன்றுவதுண்டு. அவ்வெற்றிடம் நாளம் போலவே காட்சியளிக்கும். புற்று நாளத்தினுள் புகுந்துவிட்டதா, அது வெறும் சுருக்கமா என்பதைக் கண்ணால் மட்டும் முடிவு செய்வது இடர் நிறைந்தது. நிணநாளத்திற்கு ஓர் உருபு தேவைப்பட்டது.

அவ்வுருபைத் தந்தது 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் கேம்பிரிட்ஜில் கண்ட முறை. எதிர்ப்பொருள் சுரக்கும் உயிரணுவையும் அழியாது பெருகும் புற்றணுவையும் இணைத்து, ஒரே வகை எதிர்ப்பொருளை முடிவின்றிச் சுரக்கும் உயிரணு வழியை அவர்கள் உருவாக்கினர். 1984இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இம்முறை பரவியதும் எதிர்பாராத ஒரு மொழிச் சிக்கல் எழுந்தது. ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் தான் ஆக்கிய எதிர்ப்பொருளுக்குத் தன் விருப்பப்படி எண்ணும் எழுத்தும் கொண்ட பெயரிட்டது. இரு கூடங்களின் இருவேறு பெயர்கள் ஒரே மூலக்கூறைச் சுட்டுவது பிந்தியே தெரியவந்தது. 1982இல் பாரிசில் கூடிய முதல் பன்னாட்டுப் பட்டறை, ஒரே மூலக்கூறைப் பற்றும் எதிர்ப்பொருள்களைத் திரட்டுகளாகத் தொகுத்து 'சி.டி.' என்ற எழுத்துகளுடன் எண்ணிடும் முறையை வகுத்தது. திவாகரமும் பிங்கலமும் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களை ஓரிடத்தில் திரட்டியதை இம்முயற்சியோடு ஒப்பிடலாம். வேறுபாடு ஒன்றுண்டு. நிகண்டு பெயர்களைப் பேணுகிறது. பட்டறை அவற்றை ஓர் எண்ணால் ஒதுக்கியது. வைட்ஃபீல்டிலோ வியன்னாவிலோ இன்று 'சி.டி.31' என்று எழுதப்படும்போது அதன் பின்னுள்ள பழைய பெயர்கள் எவருக்கும் நினைவில் இருப்பதில்லை.

நிணநாளத்திற்குரிய குறிப்பான்கள் ஏறத்தாழ 1995க்கும் 2002க்கும் இடைப்பட்ட சில ஆண்டுகளில் அடுத்தடுத்துத் தோன்றின. 1995இல் ஹெல்சிங்கி ஆய்வாளர்கள், நாள உட்படல வளர்ச்சிக் காரணியின் மூன்றாம் ஏற்பி வளர்ந்த உடலில் பெரும்பாலும் நிணநாளங்களில் அமைவதைக் காட்டினர். 1999இல் ஆக்ஸ்ஃபோர்டில் 'லைவ்-1' விவரிக்கப்பட்டது. அதே ஆண்டில், 'ப்ராக்ஸ்-1' என்னும் மரபணு இல்லாத சுண்டெலிக் கருவில் நிணநாளங்கள் உருவாவதில்லை என்பது அமெரிக்காவில் மெய்ப்பிக்கப்பட்டது. வியன்னா ஆய்வாளர்கள் போடோபிளானினை நிணநாளக் குறிப்பானாக நிறுவியதும் 1999இலேயே.

இப்பெயர்களுள் 'லைவ்-1' ஒன்றே நிணநாளத்தைத் தன்னகத்தே கொண்டது. 'நிணநாள உட்படல ஹயலூரனான் ஏற்பி' என்னும் தொடரின் ஆங்கில எழுத்துகளைச் சுருக்கி அது ஆக்கப்பட்டது. காரணப்பெயர் விரும்புவோர்க்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைக்காது. ஆயினும் அப்புரதம் கல்லீரலின் குருதிக் குழிவறைகளிலும் சிலவகை விழுங்கணுக்களிலும் இருப்பது விரைவில் தெரியவந்தது. அது முற்றிலும் இல்லாத சுண்டெலிகளில் நிணநாளங்கள் இயல்பாகவே வளர்ந்தன. 'நிணநாள ஏற்பி' எனத் தமிழாக்கியிருந்தால், கல்லீரலில் 'நிணநாள ஏற்பி' காணப்பட்டது என்று எழுதி அதற்கு ஓர் அடிக்குறிப்பும் சேர்க்க நேர்ந்திருக்கும்.

போடோபிளானின் வரலாறு இன்னும் சுவையானது. அப்பெயரின் முற்பகுதி கிரேக்க மொழியில் பாதத்தைக் குறிக்கும். 1997இல் வியன்னா ஆய்வாளர்கள் அப்புரதத்தை எலியின் சிறுநீரகத்தில், பாதம் போன்ற நீட்சிகளால் வடிகட்டும் உயிரணுக்களில் ஆராய்ந்தனர். ஒருவகை நோய்நிலையில் இப்புரதம் குறையும்போது அப்பாதங்கள் தட்டையாகிவிடுகின்றன. பெயரின் பிற்பகுதி அத்தட்டைமையைக் குறிக்கிறது. ஒரு பொருள் குறையும்போது நிகழ்வதைக் கொண்டு அப்பொருளுக்கே பெயரிட்ட விந்தை இது. இதே புரதத்தை நுரையீரலில் ஆய்ந்தவர்கள் அதற்கு முன்னரே 'டி1-ஆல்ஃபா' என்று அழைத்தனர். தைமஸ் சுரப்பியில் ஆய்ந்தவர்கள் 'ஜி.பி.38' என்றனர்; எலும்பில் ஆய்ந்தவர்கள் 'ஓ.டி.எஸ்.-8', 'இ11' என்றனர். குருதித் தட்டணுக்களை அது ஒன்றுதிரட்டுவதை ஆய்ந்தவர்கள் 'அக்ரஸ்' என்றனர். யானையைத் தடவிப் பார்த்த பார்வையற்றோர் கதை நினைவிற்கு வரும். ஆனால் ஒரு வேறுபாடு: இவர்களுள் எவரும் தவறாகக் காணவில்லை. ஒவ்வொருவரும் கண்டது உண்மை. பெயர்தான் ஒவ்வோர் உறுப்போடும் கட்டுண்டது.

இவற்றோடு சேரும் 'டி2-40' புரதத்தின் பெயரன்று, எதிர்ப்பொருளின் பெயர். அது நிணநாளத்தைத் தேடி ஆக்கப்பட்டதும் அன்று. டொராண்டோ ஆய்வாளர்கள், இனப்பெருக்க உயிரணுக்களில் தோன்றும் புற்றுக் கட்டிகளிலுள்ள 'எம்2ஏ' என்னும் பொருளைப் பற்றுவதற்காக அதனை உருவாக்கினர். 2002இல் அதே எதிர்ப்பொருள் நிணநாளங்களின் உட்படலத்தைத் தெளிவாகக் காட்டுவதும், இரத்த நாளங்களைத் தொடாமல் விடுவதும் வெளியிடப்பட்டன. ஃபார்மலினில் பதப்படுத்தி மெழுகில் பொதிந்த திசுக்களிலும் அது செயற்பட்டமையால் மருத்துவமனைகள் அதனை விரைந்து ஏற்றன. அது பற்றுவது போடோபிளானினையே என்பது 2005 அளவில் உறுதியாயிற்று. பயன் முந்தியது, பொருள் பிந்தியது. சொல் வழக்கில் நிலைத்தபின் அதன் பொருளை உரையாசிரியர் தேடிய வரலாறுகள் தமிழுக்குப் புதியவை அல்ல.

நன்னூலார் பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பகுத்தார். காரணம் இருந்தும் அக்காரணமுடைய எல்லாவற்றிற்கும் செல்லாமல் ஒன்றற்கே உரியதாய் நிற்பதை உரையாளர்கள் காரண இடுகுறி என்றனர். முள் உடையன எல்லாம் முள்ளி எனப்படாமை இதற்குக் காட்டாகும். போடோபிளானின் காரண இடுகுறி. டி2-40 முற்றிலும் இடுகுறி. இரண்டையும் தமிழ்க் காரணப்பெயராக மாற்றுவது ஒன்றற்கு இல்லாத காரணத்தைக் கற்பிப்பதும், மற்றொன்றற்குக் காலாவதியான காரணத்தை உயிர்ப்பிப்பதும் ஆகும். 1961இல் அமைந்த நடுவணரசின் அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் குறியீடுகளையும் ஆட்பெயர் வழிச் சொற்களையும் ஒலிபெயர்த்தே ஆள வேண்டும் என்று வகுத்த நெறியைத் தமிழ் ஆர்வலர் சிலர் மொழிப்பற்றின்மையாகக் கருதியதுண்டு. நன்னூலை அறிந்தவர் அவ்வாறு கருதத் தேவையில்லை.

'குறிப்பான்' என்ற சொல்லும் கருதத்தக்கது. மொழியியலில் '-கள்' பன்மைக் குறிப்பான். ஆனால் 'அவர்கள் வந்தார்கள்' என்பது ஒருவரைக் குறிக்கும் உயர்வு ஒருமையாகவும் அமையும். '-கள்' கண்டவுடன் பலர் வந்தனர் எனக் கொள்வது பிழை. சூழல் நோக்கியே துணிய வேண்டும். டி2-40 நிணநாளத்தில் சாயம் ஏற்றும். நுரையீரலைச் சூழ்ந்த உறைப்படலத்தில் தோன்றும் புற்றுக் கட்டியிலும், விதைப்பையில் தோன்றும் ஒருவகைக் கட்டியிலும் ஏற்றும். ஒரு குறிப்பான், பல பொருள்கள். நோய்க்குறியியலார் ஒன்றுக்கு மேற்பட்ட குறிப்பான்களைச் சேர்த்து நோக்குவது, இலக்கணத்தார் விகுதியோடு எழுவாயையும் சேர்த்து நோக்குவதைப் போன்றதே.

முயல் எதிர்ப்பொருள் யாருக்கு எதிர்?

மொழிபெயர்ப்பாளர் உண்மையில் இடறும் இடம் பெயர்ச்சொல் அன்று, தொகை. எதிர்ப்பொருள் குப்பிகளின் மேல் 'முயல், எதிர், மனித, லைவ்-1' என்னும் வரிசையில் ஆங்கிலச் சொற்கள் அடுக்கப்பட்டிருக்கும். உருபுகள் எவையும் இரா. சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'மனித எதிர்ப்பு முயல்' என்று எழுதினால் மனிதரைப் பகைக்கும் முயல் ஒன்று தோன்றிவிடும். 'முயல் எதிர்ப்பொருள்' என்று சுருக்கினாலும் தெளிவு பிறப்பதில்லை. முயலில் உண்டாக்கிய எதிர்ப்பொருளா, முயலின் புரதத்திற்கு எதிரான எதிர்ப்பொருளா? முன்னது ஏழாம் வேற்றுமை. பின்னது நான்காம் வேற்றுமை. தமிழ் இலக்கணம் இதனை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று முன்னரே இனங்கண்டுள்ளது. பாற்குடம் என்பது பாலால் ஆன குடமன்று, பாலை உடைய குடம் என அறிவதற்கு உலக வழக்குத் துணைசெய்கிறது. முயலுக்கும் எதிர்ப்பொருளுக்கும் இடையிலுள்ள உறவில் அத்தகைய வழக்கு எதுவும் துணைக்கு வராது. எனவே தொகையை விரித்தே எழுதுதல் வேண்டும்: 'மனித லைவ்-1 புரதத்தைப் பற்றும்படி முயலில் உண்டாக்கிய எதிர்ப்பொருள்'.

நீளம் கருதி இதனைத் தவிர்ப்போர், அடுத்த படியில் இடர்ப்படுவர். திசுவில் முதலில் இடப்படும் எதிர்ப்பொருள் கண்ணுக்குப் புலப்படாது. அதனைப் பற்றிக்கொள்ளும் இரண்டாம் எதிர்ப்பொருள் ஒன்று இடப்படுகிறது. அதனோடு பிணைந்த நொதி, சேர்க்கப்படும் வேதிப்பொருளைப் பழுப்பு நிறமாக்குகிறது. முதலாவது முயலில் உண்டானதாயின் இரண்டாவது முயலின் எதிர்ப்பொருளைப் பற்றுவதாக இருக்க வேண்டும். அது ஆட்டில் உண்டாக்கப்பட்டதாகலாம். 'ஆடு எதிர் முயல்' என்னும் குறிப்பில் எது உண்டான இடம், எது இலக்கு என்று தெரியாதவர் பொருந்தாத இணையைத் தேர்ந்துவிடுவார். சாயம் எங்கும் ஏறாது, அல்லது எங்கும் ஏறும். 'மனித' என்னும் அடையும் அணிக்காக வந்ததன்று. டி2-40 மனிதப் போடோபிளானினைப் பற்றும். சுண்டெலியின் போடோபிளானினைப் பற்றாது. சுண்டெலித் திசுவிற்கு வேறோர் எதிர்ப்பொருள் வேண்டும். கையேட்டைத் தமிழாக்கும்போது அவ்வடையைச் சுருக்கத்திற்காக விட்டுவிட்டால், அதனைப் பின்பற்றும் மாணவர் ஒன்றும் தெரியாத வெற்றுச் சீவல்களை நோக்கி நாட்களைக் கழிக்க நேரும். பெயர்களை ஒலிபெயர்த்து, பெயர்களுக்கு இடையிலான வேற்றுமை உறவுகளை முழுமையாகத் தமிழாக்குவதே இத்துறைக்கு ஏற்ற நெறியாகும். நடைமுறையில் பெரும்பாலும் இதன் மறுதலையே நிகழ்கிறது.

அறிக்கையின் எழுவாய்

திசு அறிக்கைகளில் 'டி2-40 பாசிட்டிவ்' என்று மட்டும் எழுதப்படுவதுண்டு. 'பாசிட்டிவ்' என்பதை 'நேர்மறை' எனப் பெயர்த்தால், நோயாளியின் செவியில் அது நற்செய்தியாக ஒலிக்கும். கிருமிச் சோதனைகளால் பழகிய 'பாசிட்டிவ்' என்றே விட்டால் தீச்செய்தியாக ஒலிக்கும். இரண்டும் தவறு. நலமுள்ள எவருடைய தோலிலும் குடலிலும் உள்ள நிணநாளங்கள் டி2-40ஆல் சாயம் ஏற்பனவே. சாயம் ஏறியது என்பது மட்டும் புற்று பரவியதைக் காட்டாது. வினவ வேண்டியது எது சாயம் ஏற்றது என்பதாகும். நாளச் சுவர் சாயம் ஏற்று உள்ளிடம் வெறுமையாக இருந்தால் அது இயல்பான நிணநாளம். நாளச் சுவர் சாயம் ஏற்று அதனுள் புற்றணுக்கள் கிடந்தால் நோய் நிணநாளத்தினுள் புகுந்துள்ளது. புற்றணுக்களைச் சூழ்ந்த வெற்றிடத்தின் விளிம்பு சாயம் ஏற்காவிடில், அது பதப்படுத்தியபோது ஏற்பட்ட சுருக்கமாகவோ நிணநாளமல்லாத வேறு குழலாகவோ இருக்கலாம். புற்றணுக்களே சாயம் ஏற்றிருந்தால் அது கட்டியின் வகையைத் துணியும் சான்று. பரவலைப் பற்றியதே அன்று.

ஆங்கிலத் தொடருக்கு எழுவாய் இல்லை, வினையும் இல்லை. மருத்துவர் இருவர்க்கிடையே அது போதுமானது, ஏனெனில் அறிக்கையின் பிற பகுதிகள் எழுவாயை உணர்த்திவிடும். நோயாளிக்காகத் தமிழில் எழுதுபவர் அவ்வெழுவாயை வருவித்தே ஆக வேண்டும். 'டி2-40 என்னும் எதிர்ப்பொருளைக் கொண்டு செய்த சோதனையில் நிணநாளங்களின் சுவர்கள் சாயம் ஏற்றன. அவற்றினுள் புற்றணுக்கள் காணப்படவில்லை' என்று எழுதினால் இரண்டு சொல் பதின்மூன்று சொல்லாகிவிடுகிறது. ஐயத்தின்போது மூல அறிக்கையை எழுதிய நோய்க்குறியியலாரிடம் கேட்டறிந்து எழுவாயை நிரப்புவதே முறை. மொழிபெயர்ப்பாளர் தாமே ஊகித்து நிரப்புவது முறையன்று. நிணநீர்க் கணுவைப் பற்றிய பகுதி வரும்போது மட்டும் ஒரு வசதி உண்டு. 'நெறி கட்டியிருக்கிறது' என்று கழுத்தையோ அக்குளையோ தொட்டுக்காட்டும் வழக்கு தருமபுரியிலும் உண்டு, திருநெல்வேலியிலும் உண்டு. கணு, முடிச்சு, சுரப்பி என அகராதிகள் பூசலிட்டுக்கொண்டிருக்க, 'நெறிக்கட்டி' என்ற ஒரு சொல்லை அருகே சேர்த்துவிட்டால் எந்த உறுப்பு பேசப்படுகிறது என்பது நோயாளிக்கு உடனே விளங்கிவிடும்.